மெய்யும் மறைவும்: நூர் இனாயத் கான் அம்மையார்

வேலூர்க் கோட்டைக்குள் திப்பு மகால், ஹைதர் மகால் என்னும் பெயர் தாங்கிய கட்டடங்களை நம்மில் பலர் கண்டிருப்போம். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் ஷஹீதான பின்னர், அம்மன்னரின் மைந்தர்களும் குடும்பத்தாரும் அக்கோட்டையிலேதான் ஆங்கிலேயரின் காவலில் வைக்கப்பட்டனர். 1806-இல் அங்குச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின், மைந்தர்களைக் கல்கத்தாவுக்குக் கொண்டு சென்றனர். சுல்தானின் வழிவந்த பெண்மணி ஒருவர் பரோடாவின் இசைப் பேரறிஞர் மௌலா பக்ஷுக்கு வாழ்க்கைப்பட்டார் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவரும் செய்தியாகும். மௌலா பக்ஷின் மகள்வழிப் பேரர் ஹஸ்ரத் இனாயத் கான். அவருடைய மூத்த மகளே நாம் ஈண்டு எழுதப் புகுந்த நூருன்னிசா இனாயத் கான்.

ஆங்கிலேயரை எதிர்த்து மாண்ட வேந்தரின் மரபில் வந்த மங்கை ஆங்கிலேயரின் படையிலே சேர்ந்து உயிர் நீத்தார் என்னும் வியப்போடு நின்றுவிடுவோர் உளர். அரசகுலப் பெருமை பேசி அவரை ஒற்றர் இளவரசி எனக் கொண்டாடுவோரும் உளர். நமக்கோ வேறொன்று பெரிதாகத் தோன்றுகிறது. பொய் பேசக் கூடாது, எவ்வுயிரையும் கொல்லக் கூடாது என்று கற்று வளர்ந்த ஒருவர், பொய்ப்பெயரும் பொய்த்தாளும் கொண்டு வாழ வேண்டிய தொழிலை ஏன் ஏற்றார், எவ்வாறு செய்தார் என்பதே அது.

1914-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மாஸ்கோ நகரில் நூர் பிறந்தார். தந்தையார் வீணை வல்லவர். சூஃபி நெறியை மேலை நாடுகளுக்குக் கொண்டு சென்றவர். அன்னையார் ஓரா ரே பேக்கர் அமெரிக்கப் பெண்மணி. மணம் புரிந்தபின் அமீனா பேகம் ஆனார். இலண்டனில் சில ஆண்டுகள் வாழ்ந்த குடும்பம் பின்னர் பாரிசை அடுத்த சுரேன் என்னும் ஊரில் ஃபஸல் மன்ஸில் என்ற இல்லத்தில் நிலைகொண்டது. தாயகம் வந்திருந்த தந்தையார் 1927-இல் தில்லியில் காலமானார். நிஜாமுத்தீன் பகுதியில் அடங்கியுள்ளார். துயரில் அன்னையார் ஒடுங்கிவிட, பதின்மூன்று வயதுச் சிறுமி நூரே தம்பியர் இருவரையும் தங்கையையும் பேணினார். குழந்தை உளவியலும் இசையும் பயின்றார். சிறுவர் கதைகள் எழுதினார். புத்தரின் முற்பிறவிக் கதைகளுள் இருபதை அவர் மறுபடி எழுதிய நூல் 1939-இல் இலண்டனில் வெளிவந்தது. தன் கூட்டம் தப்பிச் செல்லத் தன் உடலையே பாலமாக்கிய குரங்கரசன் கதை அதில் உண்டு. இசுலாமியச் சூழலில் பிறந்த பெண் பௌத்தக் கதைகளை ஐரோப்பியச் சிறாருக்குச் சொன்னதில் அக்குடும்பத்தார் முரண் எதையும் காணவில்லை.

1940 சூனில் பாரிசு வீழ்ந்தது. நூரும் தம்பி விலாயத்தும் என்ன செய்வதென்று கலந்து பேசினர். கொல்லாமை நெறியைக் கைவிட அவர்கள் விரும்பவில்லை. கொடுமை நடக்கையில் ஒதுங்கி நிற்கவும் மனம் ஒப்பவில்லை. கொலை செய்யாமல், ஆயின் கொலையுண்ணும் இடர் மிகுந்த பணியைத் தேடுவது என முடிவு செய்தனர். விலாயத் பின்னர் கண்ணிவெடி அகற்றும் கப்பலில் பணியாற்றினார். இங்கிலாந்து சேர்ந்த நூர் அவ்வாண்டு நவம்பரில் விமானப்படையின் மகளிர் துணைப்படையில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி பயின்றார். போர் முடிந்ததும் இந்திய விடுதலைக்கே துணை நிற்பேன் என்று அதிகாரிகள் முன்னிலையிலேயே மறையாமல் கூறியவர் அவர் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பிரெஞ்சு மொழி தாய்மொழிபோல் வந்ததனாலும் தந்திப் பயிற்சியினாலும், எஸ்.ஓ.இ. எனப்பட்ட இரகசிய அமைப்பின் கண் அவர்மேல் விழுந்தது. பகைவர் கைப்பட்ட நாடுகளில் எதிர்ப்பியக்கங்களுக்கு ஆயுதமும் செய்தியும் சேர்ப்பது அதன் வேலை. ஆகவே ஒற்றர் என்னும் சொல் நூருக்கு முழுதும் பொருந்தாது. பயிற்சியாளருள் சிலர் இவர் இப்பணிக்கு ஏலாதவர் என்றே எழுதினர். பொய்யுரைக்கும் கலை இவருக்கு வரவில்லை; போலி விசாரணையில் நடுநடுங்கிப் போனார். அவர்கள் சொன்னது பிழை என நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் தந்தியாளர் பஞ்சம் மிகுந்திருந்தது. பிரெஞ்சுப் பிரிவின் தலைவர் பக்மாஸ்டர் அக்குறிப்புகளை ஒதுக்கிவிட்டு அவரை அனுப்பினார்.

1943 சூன் 16-ஆம் நாள் இரவு, நிலவொளியில் ஒரு லைசாண்டர் சிறு விமானம் அவரை ஆன்ஜே நகருக்கருகே இறக்கியது. பிரித்தானியாவிலிருந்து பிரான்சுக்குள் அனுப்பப்பட்ட முதல் பெண் தந்தியாளர் அவரே. குறிப்புப்பெயர் மதலேன், போலித்தாள்களில் அவர் ழான்-மரீ ரெனியே என்னும் குழந்தைச் செவிலி. வந்து பத்து நாளும் ஆகுமுன் பாரிசு வட்டாரத்துப் பெரிய வலையமைப்பு சிதைந்தது. தலைவர் சட்டில் கைதானார். அடுத்தடுத்துப் பலர் பிடிபட்டனர். திரும்பிவிடுமாறு இலண்டன் கூறிற்று. தாம் போய்விட்டால் பாரிசுக்கும் இலண்டனுக்கும் இடையே தந்தித் தொடர்பே இராது என்று கூறி அவர் மறுத்துவிட்டார்.

தந்தியாளர் ஒருவர் ஆறு வாரம் பிழைத்திருப்பதே அரிது எனக் கணக்கிட்டிருந்த காலம் அது. நூர் ஏறத்தாழ நான்கு மாதங்கள் தாக்குப்பிடித்தார். முப்பது இறாத்தல் எடையுள்ள கருவியைப் பெட்டியில் சுமந்து வீடு வீடாக மாறினார். தலைமயிரின் நிறத்தை மாற்றினார். அலையின் திசையறியும் வண்டிகள் தெருத்தெருவாய்ச் சுற்றின. ஒருமுறை சுரங்க இரயிலில் ஜெர்மானியப் படைவீரர் பெட்டியில் என்னவென்று கேட்க, திரைப்படக் கருவி என்று துணிந்து கூறித் தப்பினாராம். பொய் வராத நாவுக்கு அந்நேரத்தில் அது வந்திருக்கிறது!

ஆயினும் பெரும்பிழை ஒன்று நேர்ந்தது. அனுப்பிய செய்திகளையும் வந்தவற்றையும் சங்கேதத்துடன் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். அவருக்கு அளித்த ஆணையில் ஆங்கிலச் சொல் ஒன்று இருபொருள்பட நின்றது; செய்தி அனுப்புதல் என்னும் பொருளில் எழுதப்பட்டதை, கோப்பிற் சேர்த்துவைத்தல் என்று அவர் கொண்டிருக்கலாம் என வரலாற்றாசிரியர் விளக்குவர். மேலிடத்துச் சொல்லை ஐயமின்றி நம்பும் இயல்பு அவருடையது. காட்டிக்கொடுக்கப்பட்டு அக்டோபர் மாதத்தில் அவர் பிடிபட்டபோது, கருவியோடு அந்த ஏடும் பகைவர் கையில் சிக்கிற்று.

ஃபோஷ் அவென்யூ 84-ஆம் எண் மாளிகையில் நாஜி உளவுப்பிரிவினர் அவரை விசாரித்தனர். வாய்திறந்து எதையும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை என்று, அங்குத் தலைவனாயிருந்த கீஃபர் என்பவனே போருக்குப் பின் சான்று கூறினான். வந்த அன்றே குளியலறைச் சாளரத்தின் வழி வெளியேற முயன்றார். நவம்பரில், உடனிருந்த ஃபேய், ஸ்டார் என்னும் கைதிகளோடு கூரை வழியே தப்பினார். அந்நேரம் பார்த்து வான்தாக்குதல் எச்சரிக்கை ஒலிக்கவே அகப்பட்டார். இனித் தப்ப முயலேன் என்று எழுதித் தருமாறு கேட்டனர். ஸ்டார் எழுதிக்கொடுத்தார், நூரும் ஃபேயும் மறுத்தனர். ஒரு பொய்க் கையெழுத்திட்டிருந்தால் பாரிசிலேயே இருந்திருக்கலாம். கொடுத்த வாக்கைக் காத்தே தீரவேண்டும் என்று எண்ணுபவரால் அப்படி எழுத இயலவில்லை போலும்.

அதற்கிடையே அவருடைய கருவியிலிருந்து ஜெர்மானியரே இலண்டனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தனர். அவர் பிடிபட்டார் என்னும் எச்சரிக்கை எட்டியும் இலண்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. 1944 பிப்ரவரி இறுதியில் ஆன்ட்டெல்ம், லீ, மதலேன் தமெர்மான் ஆகிய மூவர் வான்குடையில் இறங்கிய இடத்தில், அவர்களை வரவேற்கக் காத்திருந்தவர் நாஜிகளே. இந்தக் குற்றத்தில் நூருடைய ஏட்டுக்குப் பங்குண்டு. எச்சரிக்கையை ஒதுக்கிய மேலிடத்தாருக்கு அதனினும் பெரும்பங்கு உண்டு என்பது நம் கருத்து. வீராங்கனை என்று போற்றுவதற்காக இதை மறைத்துவிடுதல் முறையாகாது.

நூரை ஜெர்மனியின் ஃபோர்ட்சைம் சிறையில் தனியறையில் அடைத்தனர். கைகளிலும் கால்களிலும் சங்கிலி. பத்து மாதங்கள் அந்நிலை. 1944 செப்டம்பரில் அங்கிருந்து டாக்கோ முகாமுக்குக் கொண்டு சென்றனர். 13-ஆம் நாள் காலையில் சுட்டுக்கொன்றனர். அவருக்கு வயது முப்பது. அவருடன் மாண்ட பெண்டிர் மூவர்: யோலாந்து பீக்மன், எலியான் பிளூமன், மற்றொருவர் அந்த மதலேன் தமெர்மான்.

முதலில் அவர் வேறொரு முகாமில் இறந்தார் என்றே இலண்டனில் கருதினர். 1947-இல்தான் உண்மை தெளிவாயிற்று. 1949-இல் பிரித்தானியா ஜார்ஜ் சிலுவை விருதை அளித்தது. பிரான்சும் போர்ச் சிலுவை வழங்கிப் போற்றியது. 2012-இல் இலண்டன் கோர்டன் சதுக்கத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை எழுந்தது.

ஃபோர்ட்சைமில் அவர் வேறொரு பெயரில் அடைபட்டிருந்தார். உடன்கைதிகளான பிரெஞ்சுப் பெண்கள் உணவுக் கலத்தின் அடியில் கீறிச் செய்தி பரிமாறிக்கொள்வர். அதில் நூரும் ஒருநாள் தம் பெயரைக் கீறினார்: அன்னையின் குலப்பெயரைச் சேர்த்து நோரா பேக்கர் என்று. அதனடியில் இலண்டனில் அன்னையார் வாழ்ந்த வீட்டு முகவரி, டாவிட்டன் தெரு 4-ஆம் எண். 2020 ஆகஸ்டில் அவர் நினைவாக நீலப் பலகை பதித்தது அந்த வீட்டுச் சுவரிலேதான்.