செல்லுக்குள் சில்லறை கண்டவர்

பஸ்ஸில் ஏறி ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் நடத்துனரின் முகம் எப்படிப் போகும்? சில்லறை வேண்டும் என்பார். நம் உடம்பிலுள்ள செல்களும் அப்படித்தான். நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் பெரிய நோட்டு மாதிரி. செல் அவற்றைச் சில்லறையாக மாற்றித்தான் செலவழிக்கும். அந்தச் சில்லறையை முதலில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895ஆம் ஆண்டு ஜனவரி 12 அன்று ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தார். அப்போது அவ்வூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஏழைக் குடும்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேறினார். (தேர்வில் தவறியவனைக் கேலி செய்யும் பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வரி அவர்களுக்கு!)

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் சொல் கேட்டு, அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. இதற்குள் அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் இறந்திருந்தார்கள். சாப்பாட்டின் சத்து உடம்பில் ஒட்டாமல் வயிற்றுப்போக்கில் போய்விடும் நோய் அது. அன்று அதற்குச் சரியான மருந்து இல்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். செலவுக்காக ஒரு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவும் வேலை. பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் ஆராய்ச்சியில் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்க இருவரும் 1925இல் ஒரு முறையைத் தந்தார்கள். சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் அடர்ந்தால் பாஸ்பரஸ் அதிகம்.

தசைச் சாற்றை வைத்துப் பார்த்தபோது நீலம் சட்டென்று வரவில்லை, மெல்ல மெல்லக் கூடியது. வேறு யாராவது என்றால் குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று விட்டிருப்பார்கள். இவர்கள் விடவில்லை. ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது! அதுதான் பாஸ்போகிரியேட்டின் என்று 1927இல் அறிவித்தார்கள். 1929இல் தசையிலிருந்து அடினோசின் ட்ரை பாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி., கிடைத்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டறிந்தார். அதன் வேலை முழுதாகப் புரிந்தது பின்னால்தான்.

ஏ.டி.பி. மூலக்கூறின் வாலில் மூன்று பாஸ்பேட் மணிகள் உண்டு. கடைசி மணி கழலும்போது கிடைக்கும் ஆற்றலால் தசை சுருங்குகிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, சாப்பாட்டின் ஆற்றலைக் கொண்டு மணியைத் திரும்பக் கோர்த்துவிடும். நீங்கள் ஓட்டப்பந்தயத்தில் பாயும் முதல் சில விநாடிகளில் பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கடன் கொடுக்கும். இப்படிக் கழன்று கோர்க்கப்படும் ஏ.டி.பி.யை எல்லாம் கூட்டினால், ஒரு நாளில் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வரும்!

இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தரவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் தலைமையிலான குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான மருந்தும் அவர் குழு தந்ததே.

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. கப்பலேறியவர் ஊர் திரும்பவே இல்லை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையில் அந்த ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அடுத்த முறை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.