தாய்மாரின் பழியைத் துடைத்த டாக்டர்

பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாராத குழந்தை. தாயின் முகத்தை நோக்காமல், கையில் கிடைத்த பொருளை மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டிருக்கும் குழந்தை. பேச்சு வந்தும் பிறருடன் பேசாத குழந்தை. இத்தகைய குழந்தைகளின் நிலைக்கு ஆட்டிசம் என்று இன்று பெயர் வழங்குகிறது. 1943-ம் ஆண்டில் அதை விவரமாக எழுதி, மருத்துவ உலகத்தின் கவனத்தை அதன்பால் திருப்பியவர் டாக்டர் லியோ கானர்.

அப்படிப்பட்ட குழந்தைகளைப் பெற்றவர்கள் ஒரு காலத்தில் இரண்டு துன்பங்களை அனுபவித்தார்கள். குழந்தையின் நிலை ஒரு துன்பம். அதற்குத் தாயும் தந்தையுமே காரணம் என்று சுமத்தப்பட்ட பழி மற்றொரு துன்பம். அந்தப் பழி கிளம்பியதிலும் கானருக்குப் பங்கு உண்டு. அது நீங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

கவிதை எழுதிய இளைஞர்

கானர் 1894-ம் ஆண்டு ஜூன் மாதம் 13-ந் தேதி, கிளெகோடோவ் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்பொழுது ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. இப்பொழுது அது உக்ரெய்ன் நாட்டில் இருக்கிறது.

சிறுவயதிலேயே அவர் படிப்புக்காகப் பெர்லின் நகரத்துக்கு அனுப்பப்பட்டார். கவிஞராக வேண்டும் என்பது இளமையில் அவருக்கு இருந்த ஆசை. நிறைய எழுதினார், ஆனால் பிரசுரிப்பார் இல்லை. ஆகவே வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். முதல் உலக யுத்தம் மூண்டது. படிப்பை நிறுத்திவிட்டு, ஆஸ்திரிய ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் சேவை செய்தார். யுத்தம் முடிந்து திரும்பிவந்து, 1921-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு அடியோடு சரிந்துவிட்ட சமயம் அது. மனைவியையும் சிறு குழந்தையையும் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்தது. பெர்லினுக்கு வந்திருந்த ஓர் அமெரிக்க டாக்டரின் சிநேகம் அவருக்கு வழி காட்டியது. 1924-ம் ஆண்டில் குடும்பத்துடன் அமெரிக்கா சென்று, தெற்கு டகோட்டா ராஜ்யத்தில் யாங்க்டன் என்ற ஊரிலிருந்த அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரியில் வேலையில் அமர்ந்தார். அதுவரை இருதய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவருக்கு மனநோய் வைத்தியம் புதிது. புத்தகங்களைப் படித்தும் நோயாளிகளோடு பழகியுமே அதைக் கற்றுக்கொண்டார்.

1928-ம் ஆண்டில் பால்டிமோர் நகரத்திலுள்ள புகழ்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே மனநோய்ப் பிரிவின் தலைவராக இருந்த அடால்ப் மேயரும், குழந்தை வைத்தியப் பிரிவின் தலைவர் எட்வர்ட்ஸ் பார்க்கும் கலந்து யோசித்து, 1930-ல் குழந்தைகளின் மனநிலையைக் கவனிப்பதற்கென்றே ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தினார்கள். அதற்குக் கானரைப் பொறுப்பாளராக நியமித்தார்கள். 1935-ம் ஆண்டில் அவர் எழுதிய குழந்தை மனநோய் மருத்துவம் பற்றிய நூல், ஆங்கிலத்தில் அத்துறைக்கு முதல் பாடபுத்தகமாக அமைந்தது.

எளியவர் பக்கம்

கானர் அறைக்குள் அமர்ந்து புத்தகம் எழுதுவதோடு நின்றுவிடவில்லை. பால்டிமோருக்கு அருகில் ரோஸ்வுட் என்ற அரசாங்க விடுதி இருந்தது. அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களை, நீதிமன்ற உத்தரவின் மூலம் விடுவித்துச் செல்வந்தர் வீடுகளுக்குச் சம்பளம் இல்லாத வேலைக்காரிகளாக அனுப்பிய அக்கிரமம் பல ஆண்டுகளாக நடந்துவந்தது. வேண்டாம் என்று தோன்றியதும் எஜமானிகள் அந்தப் பெண்களை வெளியே துரத்தினார்கள். போக்கிடம் இல்லாமல் பலர் சீரழிந்தார்கள். கானர் இதை விசாரித்து, 1937-ம் ஆண்டில் டாக்டர்களின் மாநாட்டில் அம்பலப்படுத்தினார். பத்திரிகைகளில் பெரும் பரபரப்பு உண்டாயிற்று.

ஹிட்லரின் ஆட்சியில் யூத டாக்டர்கள் உயிருக்குத் தப்பி ஓட வேண்டிய நிலை வந்தபோது, கானரும் அவர் மனைவியும் ஏராளமானவர்கள் அமெரிக்கா வந்து சேர உதவி செய்தார்கள்.

1942-ம் ஆண்டில் போஸ்டர் கென்னடி என்ற பெயர்பெற்ற நரம்பியல் நிபுணர், தேற வழியே இல்லாத மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளை வேதனை தெரியாமல் முடித்துவிடலாம் என்று அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். அதே இதழில் அவரை எதிர்த்து எழுதியவர் கானர். பிறர் செய்யத் தயங்கும் எத்தனையோ வேலைகளைச் செய்து அவர்களும் சமூகத்துக்குப் பயன்படுகிறார்கள் என்று வாதித்தார்.

தாய்மாருக்காகவும் அவர் அந்நாளிலேயே பரிந்து பேசினார். குழந்தை வளர்ப்பில் இதைச் செய்தால் கெடும், அதைச் செய்தால் கெடும் என்று நிபுணர்கள் பயமுறுத்திக்கொண்டிருந்த காலத்தில், 1941-ல், தாய்மாரைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். தாய் தன் சொந்த புத்தியை நம்பலாம் என்பது அதன் சாரம்.

33 பக்கக் கடிதம்

1938-ம் ஆண்டில் கானருக்கு ஒரு கடிதம் வந்தது. மிஸிஸிப்பி ராஜ்யத்தில் பாரஸ்ட் என்ற சிற்றூரிலிருந்து ஒரு வக்கீல் தம் மகன் டொனால்டைப் பற்றி எழுதியது அது. 33 பக்கங்கள்!

டொனால்ட் பேசத் தொடங்கிய பருவத்திலேயே வேதாகமச் சங்கீதம் ஒன்றைப் பிழையில்லாமல் ஒப்பித்தவன். ஆனால் தகப்பனார் வீட்டுக்குள் வந்தால் நிமிர்ந்து பார்க்கமாட்டான். வட்டமான எதையும் சுழற்றிவிட்டு ஆனந்தப்படுவான். வைத்தியர்களின் யோசனைப்படி, நான்கு வயது நிரம்பும் முன்பே அவனை வெளியூரில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். அங்கே அவன் வாடிப்போனான். பெற்றோர் மனம் கேளாமல், ஓராண்டுக்குள் அவனை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்கள். விடுதித் தலைவர் தடுத்தும் அவர்கள் கேட்கவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம் டொனால்டைப் பால்டிமோருக்கு அழைத்துவந்தார்கள். கானர் தம் அனுபவத்தில் இப்படி ஒரு குழந்தையைக் கண்டதில்லை. தெரிந்த நோய் எதுவும் அவனுக்குப் பொருந்தவில்லை. அவசரப்பட்டு ஒரு பெயரைச் சொல்லிவிடாமல் அவர் காத்திருந்தார். டொனால்டின் தாயார் மகனுடைய நிலையைப் பற்றித் தொடர்ந்து கடிதங்கள் எழுதிவந்தார். இதற்கிடையே அதே மாதிரியான வேறு குழந்தைகளும் வந்தார்கள். மொத்தம் 11 பேர். 8 ஆண், 3 பெண். இவர்களைப் பற்றி 1943-ல் கானர் வெளியிட்ட கட்டுரைதான் ஆட்டிசம் ஆராய்ச்சியின் முதல் படியாகக் கருதப்படுகிறது. அக்கட்டுரையின் பெரும்பகுதி, பெற்றோர் வீட்டிலே கண்டு குறித்துவைத்த விவரங்களால் ஆனது.

வயலில் நடந்த பாடம்

1942-ல் டொனால்டை ஊருக்கு வெளியே ஒரு விவசாயத் தம்பதியின் வீட்டில் விட்டார்கள். 1945-ம் ஆண்டில் கானர் அங்கே நேரில் சென்று பார்த்தார். கண்ட காட்சி அவரை வியப்பில் ஆழ்த்தியது.

டொனால்டுக்கு எதையும் அளந்துகொண்டே இருக்கவேண்டும். அந்தத் தம்பதிகள் அவனை ஒரு கிணறு தோண்டச் சொல்லி, அதன் ஆழத்தை அளந்து கூறும்படி விட்டார்கள். சோள வரிசைகளை அவன் ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தான். ஏர் உழுதுகொண்டே எண்ணு என்று கலப்பையைக் கையில் கொடுத்தார்கள். கானர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் குதிரையையும் கலப்பையையும் லாகவமாக நடத்தி ஆறு நீண்ட வரிசைகளை உழுது முடித்தான். எந்த மனநூலையும் படிக்காத அந்தக் குடியானவர்கள், குழந்தையின் பிடிவாதத்தை அடக்கப் பார்க்காமல் அதையே வேலையாக மாற்றிவிட்டார்கள்.

டொனால்ட் பின்னர் கல்லூரியில் படித்து 1958-ல் பட்டம் பெற்றார். சொந்த ஊரில் பாங்கு வேலை பார்த்தார். தனியே பல நாடுகளுக்குப் பிரயாணம் செய்தார். ஊரார் அவரைத் தங்களில் ஒருவராகவே மதித்தார்கள். 2023-ம் ஆண்டில், 89-வது வயதில் காலமானார்.

பழி பிறந்த விதம்

1943-ம் ஆண்டுக் கட்டுரையிலேயே கானர், இந்தக் குறை குழந்தையுடன் பிறந்தது என்று தெளிவாக எழுதியிருந்தார். ஆனால் அதே கட்டுரையில், இந்தக் குழந்தைகளின் பெற்றோரில் உள்ளன்பு மிகுந்தவர்கள் குறைவு என்றும் ஒரு கருத்தைச் சேர்த்தார். அந்தக் கருத்து நாளடைவில் வளர்ந்தது. 1949-ல் எழுதிய கட்டுரையில், உறைபனி இளகாத ரெப்ரிஜிரேட்டருக்குள் வைக்கப்பட்டது போல இக்குழந்தைகள் வளர்ந்தார்கள் என்று உவமை கூறினார். 1960-ல் பிரபல வாரப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த பேட்டியிலும் அதே தொனி இருந்தது.

அவரிடம் வந்த பெற்றோர் பெரும்பாலும் வக்கீல்கள், டாக்டர்கள், பேராசிரியர்கள். தூரத்திலிருந்து பால்டிமோருக்கு வரப் பணமும், பக்கம் பக்கமாக எழுதிவைக்கப் படிப்பும் உள்ளவர்களே அவரை அடைய முடிந்தது. வராத ஏழைத் தாய்மாரை அவர் காணவில்லை. எல்லா வகுப்பிலும் இக்குழந்தைகள் உண்டு என்பது பிற்கால ஆராய்ச்சியில்தான் தெரியவந்தது.

உவமை ஒன்று கிடைத்துவிட்டால் உலகம் அதைப் பிடித்துக்கொள்ளும். ரெப்ரிஜிரேட்டர் தாய் என்ற பட்டம் பரவியது. சிகாகோவில் விடுதிப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் இன்னும் ஒரு படி மேலே போனார். பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரிப்பதே மருந்து என்றார். 1967-ல் அவர் வெளியிட்ட புத்தகம் அமோகமாக விற்பனையாயிற்று. ஆலோசனை கேட்கச் சென்ற தாய்மார், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களைப் போலத் தலைகுனிந்து திரும்பினார்கள்.

பெற்றோர் எழுந்தனர்

இதை மாற்றக் கிளம்பியவர் ஒரு தகப்பனார். கலிபோர்னியாவில் கப்பற்படையில் மனநூல் நிபுணராக வேலை பார்த்த பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவருக்கு 1956-ல் பிறந்த மகனுக்கு ஆட்டிசம் இருந்தது. தம் மனைவியின் அன்பில் குறை இல்லை என்பதை அவர் கண்ணாரக் கண்டிருந்தார். கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் தேடிப் படித்து, இது மூளை வளர்ச்சியைச் சேர்ந்த விஷயம், வளர்ப்பின் குற்றம் ஆகாது என்று 1964-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதிக்கொடுத்தவர் யார்? டாக்டர் கானர்தான்! தம் கருத்தை மறுக்கும் நூல் என்று அவர் ஒதுக்கவில்லை.

மறு ஆண்டு, 1965-ல், ரிம்லண்டும் மற்றப் பெற்றோரும் சேர்ந்து அமெரிக்காவில் ஆட்டிசக் குழந்தைகளுக்காகத் தேசியச் சங்கம் அமைத்தார்கள். இங்கிலாந்தில் அதற்கு மூன்றாண்டு முன்னதாக, 1962-லேயே பெற்றோர் சங்கம் ஏற்பட்டிருந்தது. ஒருவர் வீட்டில் பலித்த முறையை மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பது, பள்ளிக்கூடம் கேட்டுப் போராடுவது ஆகியவை இச்சங்கங்களின் வேலையாயின.

1969-ம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்கச் சங்கத்தின் மாநாடு வாஷிங்டனில் கூடியது. 75 வயதான கானர் மேடை ஏறினார். குழந்தையின் நிலைக்குப் பெற்றோரே காரணம் என்று தாம் கூறியதாகப் பரவிய செய்தி சரியன்று என்றார். பிறவியிலேயே வருவது என்று தாம் முதலில் எழுதியதை நினைவூட்டினார். கூடியிருந்த பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுதலை செய்வதாக, ஒரு நீதிபதியைப்போல அறிவித்தார். மண்டபத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தம் பழைய உவமைகளால் விளைந்ததை அவர் முழுவதும் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனாலும், இருபது ஆண்டுகளாகத் தலைகுனிந்திருந்த தாய்மாருக்கு அந்தப் பெரியவரின் வாயிலிருந்து வந்த தீர்ப்பு பெரிய ஆறுதலாக இருந்தது.

கடைசிப் பாடம்

1971-ம் ஆண்டில் கானர், தாம் முதலில் கண்ட 11 குழந்தைகளும் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்து எழுதினார். டொனால்டும் இன்னும் ஒருவரும் வேலை செய்து நல்லபடி வாழ்ந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த சிறு திறமைகளையும் இழந்துவிட்டார்கள். விடுதியில் தள்ளுவது ஆயுள் தண்டனைக்குச் சமம் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அதே ஆண்டில் ஆட்டிசம் ஆராய்ச்சிக்கென ஒரு பத்திரிகையை ஆரம்பித்து அதன் ஆசிரியரானார். 1974-ல் அந்தப் பொறுப்பை ஏற்றவர் எரிக் ஷாப்ளர். பெட்டல்ஹைம் இருந்த சிகாகோவில் படித்தும் அவருடைய கொள்கையை வெறுத்தவர் ஷாப்ளர். அவருடைய முயற்சியால், வடக்கு கரோலினா ராஜ்யம் 1972-ல் ராஜ்யம் முழுவதற்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சியாளர் குழந்தைக்குக் கற்பிப்பதைப் பெற்றோர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்து பார்த்து, பிறகு அதையே வீட்டில் செய்வார்கள். குற்றவாளி என்று கருதப்பட்ட தாய் அங்கே துணை ஆசிரியையானாள்.

டாக்டர் கானர் 1981-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ந் தேதி, 86-வது வயதில் காலமானார். ஆட்டிசத்துக்குப் பெற்றோரின் அன்புக்குறை காரணம் இல்லை என்பது இன்று ஐயமின்றி நிலைநாட்டப்பட்ட உண்மை. பிறக்கும் முன்பே மூளை வளரும் விதத்திலும், பரம்பரையிலும் அதன் வேர் இருக்கிறது.

இருந்தும், குழந்தை பேசத் தாமதமானால் தாயைக் குறை கூறும் வாய்கள் இன்னும் அடங்கவில்லை. அந்த வாய்களுக்குக் கானரின் வாழ்க்கையே பதில். அவர் பெற்றோரின் குறிப்புகளைப் பொறுமையாகப் படித்த காலத்தில் உண்மையைக் கண்டார். பெற்றோரை எடை போடத் தொடங்கிய காலத்தில் தவறினார். கையில் குறிப்புப் புத்தகத்தோடு வாசலில் நிற்கும் தாயிடம் முதலில் கேட்க வேண்டியது, குழந்தை வீட்டில் என்ன செய்கிறான் என்பதைத்தான்.