வீழ்ந்த கேப்டன்



விளையாட்டு வீரர் பகுதியில் வழக்கமாக ஜெயித்தவர்கள் கதைதான் வரும். இந்த முறை நான் எடுத்துக்கொண்டவரும் நிறைய ஜெயித்தவர்தான். ஆனால் வாழ்நாள் தடையோடு இறந்துபோனவர். அவர் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் கேப்டன் ஹான்சி குரோனியே. நாமெல்லாம் பிறக்கிறதுக்கு முன்னாடி நடந்த கதை இது. வீட்டில் அப்பாவையோ மாமாவையோ கேட்டுப் பாருங்கள், நிறைய சொல்வார்கள்.

குரோனியே 1969 செப்டம்பர் 25 அன்று புளூம்ஃபான்டைன் நகரில் பிறந்தார். அப்பாவும் மாகாண அணிக்கு ஆடியவர். கிரே காலேஜில் படித்தார் (பேர்தான் காலேஜ், அது பள்ளிக்கூடம்!). அங்கே 1987-ல் மாணவர் தலைவர், அதாவது நம்ம எஸ்.பி.எல். மாதிரி. 21 வயதில் மாகாண அணிக்கு கேப்டன் ஆகிவிட்டார்.

நிறவெறிக் கொள்கையால் தென்னாப்பிரிக்காவை உலக கிரிக்கெட் சுமார் 21 வருடம் ஒதுக்கி வைத்திருந்தது. 1991-ல் கொல்கத்தாவில் நம்ம இந்தியாவோடு ஆடித்தான் அந்த அணி திரும்ப வந்தது. குரோனியே 1992-ல் முதல் டெஸ்ட் ஆடினார். 1994-ல் மண்டேலா ஜனாதிபதி ஆனார். அதே வருடம் குரோனியே கேப்டன் ஆனார். 53 டெஸ்டுகளுக்குத் தலைமை தாங்கி 27-ல் வெற்றி. ஒருநாள் போட்டிகளில் 138-க்கு 99 வெற்றி! 2000-ல் இந்தியாவுக்கு வந்து டெஸ்ட் தொடரை 2-0 என்று ஜெயித்துக்கொண்டு போனார். அதற்கு முன் 13 வருடமாக எந்த அணியும் இங்கே வந்து அப்படி ஜெயித்ததில்லை.

இப்படிப்பட்டவர் எங்கே சறுக்கினார்?

1996 டிசம்பர், கான்பூர் டெஸ்ட். தோற்றுக் கொடுப்பதற்காக ஒரு சூதாட்டத் தரகர் 30,000 டாலர் கொடுத்தார். குரோனியே வாங்கிக்கொண்டார். அணி எப்படியும் தோற்கிற நிலையில் இருந்ததால் அவர் தனியாக ஒன்றும் செய்யவில்லை. ஒண்ணுமே செய்யாமல் காசு வந்துவிட்டது. எனக்கு இந்த இடம்தான் ரொம்ப பயமாக இருந்தது. தப்பு செய்கிறோம் என்றே தோன்றாமல் தப்பு உள்ளே நுழைந்துவிட்டது பாருங்கள்!

சில நாள் கழித்து மும்பையில் இன்னொரு ஆட்டம். தோற்றால் 2,50,000 டாலர் தருகிறார்களாம் என்று அணிக் கூட்டத்திலேயே கேட்டார். சில வீரர்கள் கூடாது என்று எதிர்த்துப் பேசினார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

2000 மார்ச்சில், நாக்பூர் ஒருநாள் போட்டியின்போது, அவர் கூட்டம் போடவில்லை. இரண்டு பேரிடம் மட்டும் ரகசியமாகப் பேசினார். ஹெர்ஷல் கிப்ஸ் 20 ரன்னுக்குள் அவுட் ஆகணும். ஹென்றி வில்லியம்ஸ் 50 ரன்னுக்கு மேல் விட்டுக்கொடுக்கணும். ஆளுக்கு 15,000 டாலர். ஆனால் தரகரிடம் அவர் பேசியிருந்தது ஆளுக்கு 25,000! வில்லியம்ஸ் அந்த ஜனவரியில்தான் அணிக்குள் வந்தவர். இருவருமே நிறவெறிக் காலத்தில் ஒதுக்கப்பட்ட மக்களில் இருந்து வந்தவர்கள். கேப்டனே கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல அவர்களால் முடியவில்லை, சம்மதித்தார்கள்.

மைதானத்தில் நடந்ததோ வேறு. கிப்ஸ் 53 பந்தில் 74 அடித்தார். வில்லியம்ஸ் 11 பந்து போட்டதும் தோளில் அடிபட்டு வெளியேறினார். அணி 10 ரன்னில் ஜெயித்தது. இருவருக்கும் காசு வரவில்லை. ஆனாலும் சம்மதித்த குற்றத்துக்காக ஆறு மாதத் தடையும் அபராதமும் வந்தது.

வேறு ஒரு வழக்குக்காக டெல்லி போலீஸ் போனை ஒட்டுக்கேட்டபோது, தற்செயலாக குரோனியே ஒரு தரகரோடு பேசியது சிக்கியது. 2000 ஏப்ரல் 7-ல் விஷயம் வெளியே வந்தது. முதலில் மறுத்தார். நாலாவது நாள் விடியற்காலையில் கிரிக்கெட் வாரிய நிர்வாக இயக்குநருக்கு போன் செய்து, தான் நேர்மையாக நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். நீதிபதி கிங் விசாரணை ஆணையத்தில் மூன்று நாள் சாட்சி சொன்னார். அந்த வருடம் ஜனவரியில் செஞ்சூரியனில் நடந்த டெஸ்டை முடிவு வரும்படி ஆட வைத்ததற்காகக் கொஞ்சம் பணமும் ஒரு தோல் ஜாக்கெட்டும் வாங்கியதும் தெரிய வந்தது. அக்டோபர் 11-ல் வாழ்நாள் தடை. கோர்ட்டுக்குப் போயும் பலன் இல்லை.

பிறகு ஒரு கனரக இயந்திர கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 2002 ஜூன் 1, ஊருக்குப் போவதற்காக ஒரு சின்ன சரக்கு விமானத்தில் ஏறினார். அது மோசமான வானிலையில் மலையில் மோதியது. விமானிகள் இருவரும் அவரும் இறந்தார்கள். வயது 32 மட்டுமே. 2004-ல் தென்னாப்பிரிக்காவின் மாமனிதர்களுக்கான வாக்கெடுப்பில் மக்கள் அவருக்கு 11-வது இடம் கொடுத்தார்கள்! அவ்வளவு பாசம் வைத்திருந்தவர்களைத்தான் அவர் ஏமாற்றினார்.

அவர் காசு வாங்கியதைவிட, தன்னை நம்பினவர்களையும் சேர்த்து இழுத்ததுதான் எனக்குப் பெரிய தப்பாகத் தெரிகிறது. எல்லார் முன்னாடியும் கேட்டபோது எதிர்ப்பு வந்தது. தனியாகக் கேட்டபோது தலையாட்டல்தான் வந்தது. நம்ம சுவாமிமலையில் அப்பனுக்கே பிள்ளை பாடம் சொன்னான், அப்பனும் பணிந்து கேட்டார். அதனால்தான் இங்கே முருகன் தகப்பன்சாமி. கேப்டன், லீடர், அண்ணன் யாராக இருந்தாலும் சரி, தப்பைச் சொன்னால் முடியாது என்று சொல்லலாம். நம்ம ஊர்க்காரர்களுக்கு அது புதுசும் இல்லை.

நாக்பூரில் இரண்டு பேரில் ஒருத்தராவது முடியாது என்று சொல்லியிருந்தால்? யோசித்துப் பாருங்கள் நண்பர்களே!

– 11-ஆம் வகுப்பு மாணவன்