ஜிம் கார்பெட்

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் (ஜூலை 25, 1875 - ஏப்ரல் 19, 1955) புகழ்பெற்ற வேட்டைக்காரரும் எழுத்தாளரும் ஆவார். இவர் நைனிடாலில் பிறந்தார். பீகாரில் இரயில்வே சரக்கு ஒப்பந்தக்காரராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார்.

துப்பாக்கி

1907இல், 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத் பெண்புலியைக் கார்பெட் சுட்டுக் கொன்றார். யாரோ முன்பு குறி தவறிச் சுட்டதில் அதன் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமல் அது ஆட்கொல்லியானது என்பது இவர் கருத்து. இவ்வேட்டைக்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் இவருக்கு ரிக்பி நிறுவனத்தின் .275 துப்பாக்கியைப் பரிசளித்தார்.

அதன் குண்டு ஏறத்தாழ 7 மி.மீ. விட்டமும் 9 கிராம் எடையும் உடையது. இவரிடமிருந்த .450/.400 இரட்டைக்குழல் துப்பாக்கியின் குண்டோ 26 கிராம். சிறு குண்டு விரைந்து செல்லும். தோளில் உதைப்பதும் குறைவு. மான் வேட்டைக்கு இதுவே போதுமானது. புலிக்குச் சிறியது என்றே பலரும் கருதினர். உரிய இடத்தில் படாவிடில் விலங்கு காயத்துடன் தப்பிவிடும். எனினும் 1926இல் ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையை இதனாலேயே வீழ்த்தினார். 1930இல் சௌகர் பெண்புலி மிக அருகில் எதிர்ப்பட்டபோது இவரது இடக்கையில் பறவை முட்டைகள் இருந்தன. துப்பாக்கி இலேசானது என்பதால் வலக்கையால் மட்டுமே திருப்பிச் சுட முடிந்தது.

1947இல் கென்யாவில் குடியேறி, அங்கேயே நையேரியில் காலமானார். 1957இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது.