ஆதித்த கரிகாலன்: கல்லில் எஞ்சிய வாழ்வு

சோழ மன்னர் சிலரை அவர்கள் உயிர்நீத்த இடத்தாலேயே பெயரிட்டு வழங்கும் மரபு கல்வெட்டுகளில் உண்டு. 949-இல் தக்கோலப் போர்க்களத்தில் யானைமீது இருந்தபடியே மாண்ட இராசாதித்தன் யானைமேல் துஞ்சின தேவன் ஆனான். அரிஞ்சயன், ஆற்றூர்த் துஞ்சின தேவன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் மறைந்தமையின் பொன்மாளிகைத் துஞ்சின தேவன் எனப் பெற்றான். இறப்பை உறக்கமாகக் காணும் இந்நாகரிகச் சொல் சுந்தர சோழனின் மூத்த மகனுக்கு வாய்க்கவில்லை. இரண்டாம் ஆதித்தன் எனவும் ஆதித்த கரிகாலன் எனவும் வரலாறு அறியும் அவ்விளவரசன் உயிர்நீத்த இடத்தை எந்தக் கல்லும் சொல்லவில்லை. அவன் இயல்பாக இறக்கவில்லை, கொல்லப்பட்டான் என்பதே அதற்குக் காரணம் போலும்.

ஆதித்தனின் தாய் வானவன்மாதேவி, திருக்கோவலூர் மலையமான் குலத்தவள். கபிலர் நட்புக்குரிய மலையமான் திருமுடிக்காரியைச் சங்கப் பாடல்களால் அறிந்தோர்க்கு அக்குலத்தின் பெருமையை விளக்க வேண்டுவதில்லை. குந்தவையும், பின்னாளில் இராசராசன் எனப் புகழ்பெற்ற அருள்மொழியும் அவனுடன் பிறந்தோர். அவன் பிறந்த ஆண்டு கிடைத்திலது. வரலாற்றில் அவன் முதன்முதல் தோன்றுவதே ஒரு போர்க்களத்தில்தான்.

அப்போரின் பின்னணியை அறிந்தாலன்றி அவன் வாழ்வு விளங்காது. தக்கோலத் தோல்விக்குப் பின் சோழநாடு தளர்ந்திருந்த காலத்தில் பாண்டியநாட்டில் வீரபாண்டியன் தலையெடுத்தான். அவன் தன்னைச் சோழன் தலைகொண்டவன் எனக் கல்வெட்டுகளில் அழைத்துக்கொண்டான். எந்தச் சோழனின் தலை அது என்பது இன்றும் வழக்குக்குரியதே. ஆயினும் அவ்வடைமொழி தஞ்சையில் எத்தகைய புண்ணை உண்டாக்கியிருக்கும் என்பதை ஊகிப்பது அரிதன்று. சேவூரில் சுந்தர சோழன் பாண்டியனை எதிர்த்தபோது சிறுவனாகிய ஆதித்தனும் களத்தில் நின்றான். மதயானையோடு விளையாடும் சிங்கக்குட்டியைப் போல அவன் வீரபாண்டியனோடு பொருதான் என்று, லைடன் செப்பேடு எனப் பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேடு உவமை கூறுகிறது. தோற்ற பாண்டியன் காடும் மலையும் புகுந்தான் போலும். சுந்தர சோழனுக்குப் பாண்டியனைச் சுரம் இறக்கின பெருமாள் என்ற பெயர் வழங்கலாயிற்று. பாலைத்திணையில் காதலர் நடந்த சுரம், ஈண்டு அரசன் ஒருவன் உயிர்தப்பி ஓடிய வழியைக் குறிக்கும் சொல்லாயிற்று.

பின்னொரு போரில் வீரபாண்டியன் வீழ்ந்தான். ஆதித்தன் அவன் தலையைக் கொய்து தன் நகரில் வெற்றித்தூணாக நிறுத்தினான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேடு தரும் செய்தி. இவ்வெற்றியைத் தமதெனக் கொண்டாடியவர் வேறு சிலரும் உளர். கொடும்பாளூர்ப் பூதி விக்கிரமகேசரி வீரபாண்டியனை வென்றதாக மூவர்கோயில் கல்வெட்டு கூறும். தொண்டைமண்டலத்துப் பார்த்திவேந்திரவர்மனும் பாண்டியன் தலைகொண்டவன் எனப் பெற்றான். அவனும் ஆதித்தனும் ஒருவரே எனக் கருதிய அறிஞரும் உண்டு. பலர் கூடி வென்ற போரின் பழியும் புகழும் இளவரசன் மேலேயே வந்து தங்கின எனலாம். தோற்ற மன்னனின் தலையைத் தூணில் ஏற்றும் செயலை அக்காலப் போர்முறை என்று கூறி அமைதி காண்போர் உளர். முறையே ஆயினும், அத்தலைக்கு உரிமைபூண்டோர் அதனை மறந்திருப்பர் என்று கொள்வதற்கில்லை.

தந்தை இராசகேசரியாக ஆண்டமையின் மகன் பரகேசரி என்ற பட்டம் பூண்டான். பாண்டியன் தலைகொண்ட பரகேசரியின் கல்வெட்டுகள் குடந்தை, திருவிடைமருதூர் முதலிய ஊர்களில் காணப்படுகின்றன. அவை ஐந்தாம் ஆட்சியாண்டோடு நின்றுவிடுகின்றன. கோயில் விளக்கும் நிலக்கொடையுமே அவற்றின் பொருள். அவன் சினமுடையவனா, நகையாடுபவனா, பாடல் கேட்டு மகிழ்பவனா என்பவற்றை அவை சொல்லா. காஞ்சிப் பொன்மாளிகையைத் தந்தைக்காக அவன் எழுப்பினான் என்பது புதினம் தந்த செய்தியேயன்றிக் கல்வெட்டுச் செய்தி அன்று.

969-க்கும் 971-க்கும் இடையே அவன் வாழ்வு முடிந்தது. அம்முடிவைச் சொல்லும் சான்றுகள் இரண்டு. ஒன்று காவியம், மற்றொன்று நிலவிற்பனை ஆவணம்.

திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி, விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் ஆதித்தன் மறைந்தான் என்கிறது. கலியின் இருளை ஓட்ட அருள்மொழியை அரசேற்குமாறு குடிகள் வேண்டினர். சிறிய தந்தை உத்தம சோழனுக்கு அரசில் விருப்பம் இருக்கும்வரை தான் அதனை மனத்தாலும் நினையேன் என்று அவன் மறுத்தான் எனவும் அது தொடர்கிறது. இதனைப் பாடிய புலவன், இறந்தவனின் தம்பி மகனான இராசேந்திரனின் அவையைச் சார்ந்தவன். கொலை நிகழ்ந்து ஏறத்தாழ ஐம்பதாண்டுக்குப் பின் பாடியவன். அரச குலத்துக்கு நேர்ந்த இழிவை அணியழகால் மூடுவது அவன் கடமை. அதனை அவன் திறம்படவே செய்தான்.

மூடப்பட்டதைத் திறந்தது காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு. 1920-இல் படியெடுக்கப்பெற்றுப் பின்னர் எபிகிராபியா இண்டிகாவில் வெளியான இது, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டினது எனக் கொள்ளப்படுகிறது. அவ்வூரின் பழம்பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். திவ்வியப் பிரபந்தத்தை மீட்டளித்த நாதமுனிகள் தோன்றிய ஊரும் அதுவே. அவ்வூர்ச் சபைக்கு அரசன் விடுத்த ஆணையைக் கல்வெட்டு எடுத்துரைக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர் எனச் சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்னும் உடன்பிறந்தாரும், மலையனூர் இரேவதாச கிரமவித்தனும் அதில் பெயர்சுட்டப் பெறுகின்றனர். அவர்தம் மக்கள், மனைவியர், பெரியப்பன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தோர், மகளிரை மணந்தோர் ஆகிய எல்லாருடைய உடைமைகளும் பறிக்கப்பட வேண்டும் என்பது ஆணை. சுற்றம் முழுவதையும் ஒன்றுவிடாமல் எண்ணும் அவ்வாசகம், அரச சினம் எத்துணை ஆழமானது என்பதைக் காட்டும். கொலையாளிகளின் உயிருக்கு நேர்ந்தது யாது என்பது அதில் இல்லை. அந்நிலத்தில் ஒரு பகுதியைப் பரதனான வியாழகசமல்லப் பல்லவரையன் விலைக்கு வாங்கிப் பதினைந்து பிராமணர் உண்ண அறக்கட்டளை வைத்தான். அவ்விற்பனையைப் பதிவுசெய்யவே கல்வெட்டு எழுந்தது. நிலத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுந்த ஊர்க்கணக்கு, புலவன் மறைத்த உண்மையையும் சொல்லிவிட்டது.

கொன்றவர் பெயர் தெரிகிறது. ஏவியவர் யார், நோக்கம் யாது என்பவை தெரியவில்லை. உத்தம சோழனின் ஆட்சி முழுதும் தண்டனை நிகழாமல் இராசராசன் வந்தபின்னரே நிகழ்ந்தது எனக் கொண்ட நீலகண்ட சாஸ்திரியார், உத்தமன்மேல் ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் இதனை மறுத்தார். உத்தமன் கொலைக்கு உடந்தையாயின் குடிகளும் அலுவலரும் அவனை அரசனாக ஏற்றிரார் என்பது அவர் கருத்து. கல்வெட்டின் ஆண்டு பிற்கால விற்பனை நடவடிக்கையைச் சார்ந்ததேயன்றித் தண்டனையின் தொடக்கத்தைக் குறிப்பதாகாது என்ற விளக்கமும் உண்டு. குடவாயில் பாலசுப்ரமணியன் பிற்காலத்தில் இக்கல்வெட்டை மீண்டும் ஆராய்ந்தார். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல்லாதலின், கொலையாளிகள் வீரபாண்டியனின் பழிதீர்த்தவர் என்பாரும் உளர். ஆனால் ஒரு தம்பியின் பட்டத்தில் பஞ்சவனும் மற்றொருவன் பட்டத்தில் சோழனும் இருத்தலின் அச்சான்று இருபுறமும் சாயும். உத்தமனைச் சாடுவோர் ஒன்றை நினைத்தல் வேண்டும்: இராசராசன் தன் மகனுக்கு இட்ட பெயர் உத்தமனின் பெயராகிய மதுராந்தகன் என்பதே. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனும் இராசராசன் ஆட்சியில் கோயிற்பணி மேற்பார்க்கும் உயர்நிலையில் இருந்தான். அண்ணனைக் கொல்வித்தவனின் குடும்பத்தை இவ்வாறு போற்றுதல் மனித இயல்புக்கு ஒத்துவரவில்லை.

இதே காலத்தில், 978-இல், இங்கிலாந்து மன்னன் எட்வர்டு கோர்ஃபு என்னுமிடத்தில் கொலையுண்டான். மாற்றாந்தாய் மகனான தம்பி எத்தல்ரெட் அரசேற்றான், சிற்றன்னைமேல் பழி எழுந்தது, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்நாட்டில் எட்வர்டு புனிதனாகி வழிபாடு பெற்றான். இடைக்கால இங்கிலாந்தைக் களமாக்கிக் கொலைமர்மக் கதைகள் புனையும் மரபும் அங்கு வளர்ந்தது. துறவி கேட்ஃபெல் துப்பறியும் கதைகளை எல்லிஸ் பீட்டர்ஸ் 1977 முதல் எழுதினார்.

தமிழில் அதற்கு முன்பே, 1950 முதல் 1954 வரை, கல்கி தம் இதழில் பொன்னியின் செல்வனை எழுதினார். வீராணம் ஏரிக்கரையில் தொடங்கும் அக்கதையில் கடம்பூர் மாளிகையே கொலைக்களம். நந்தினி அவர் கற்பனை. யார் கை வாள் பாய்ந்தது என்பதை ஐயத்துக்கு இடமாகவே அவர் விட்டதற்குக் கதைச்சுவை மட்டுமே காரணம் அன்று. சான்று நின்ற இடத்தில் அவரும் நின்றார். 2022, 2023-இல் திரைக்கு வந்த படங்களும் அவ்விருளினூடேதான் சென்றன.

மகனை இழந்த சுந்தர சோழன் 973 அளவில் இறந்தான். வானவன்மாதேவி பால்மணம் மாறாக் குழந்தையைப் பிரிந்து கணவனுடன் தீப்புகுந்தாள் எனத் திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறும். பல ஆண்டுகட்குப் பின் தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவை படிமங்கள் எழுந்தருளுவித்தாள். அவற்றுள் பொன்மாளிகைத் துஞ்சின தேவனாகிய தந்தையும் தாயும் உளர். அக்கொடைக் கல்வெட்டில் உடன்பிறந்தான் ஆதித்தனின் படிமம் இல்லை.