எலும்பைக் காட்டிய ரான்ட்ஜன்

மேலப்பாளையத்தில் முதுகுவலி புதிதன்று. நாளெல்லாம் குனிந்தமர்ந்து பீடி சுற்றும் தாய்மார்கள், மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதைக் காண்கிறோம். அவ்வலி படுத்தால் தணியும். படுத்தால் கூடும் வலியும் ஒன்றுண்டு. இருபது வயது இளைஞனைப் பின்னிரவில் எழுப்பிவிட்டு, விடியும்போது முதுகைக் கட்டைபோல் விறைக்கச் செய்து, நடக்க நடக்கத் தணியும் அது. அழற்சியால் வருவது. உடலுக்குள்ளிருப்பதைப் படம்பிடித்துக் காண முதன்முதல் வழிவகுத்தவர் வில்ஹெல்ம் கான்ராட் ரான்ட்ஜன்.

1845 மார்ச் 27ஆம் நாள் ஜெர்மனியின் லென்னெப் நகரில் ஒரு துணி வணிகரின் ஒரே மகனாய்ப் பிறந்தார். தறியறிந்த நம்மூராருக்கு அவர் உறவினர் போலத் தோன்றக்கூடும்! ஆலந்தில் பயின்றபோது ஆசிரியரைக் கேலிச்சித்திரமாக வரைந்த தோழனைக் காட்டிக்கொடுக்க மறுத்துப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். (மாணவ நண்பர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.) பின்னர் நுழைவுத் தேர்வெழுதிச் சூரிச் நகரில் பயின்று, 1869இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1895 நவம்பர் 8ஆம் நாள் மாலை. வூர்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கறுப்பு அட்டையால் மூடிய மின்குழாயை இயக்கினார். சற்றுத் தள்ளியிருந்த இரசாயனத் திரை ஒளிர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று அட்டையைக் கடந்திருந்தது! வாரக்கணக்கில் தனித்திருந்து ஆராய்ந்தார். டிசம்பர் 22இல் மனைவி பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். விரலெலும்பும் மோதிரமும் தெரிந்தன.

1901இல் இயற்பியலின் முதல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. பரிசுப் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். கதிருக்குக் காப்புரிமை கோரவில்லை. யார் வேண்டுமானாலும் கருவி செய்யலாம் என்ற நிலை அதனால் வந்தது. 1923 பிப்ரவரி 10இல் மியூனிக்கில் காலமானார்.

அவர் கதிருக்கும் ஓர் எல்லையுண்டு. அது எலும்பின் சிதைவைக் காட்டும். சிதைக்கும் அழற்சியை நேரே காட்டாது. முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டில்தான் இந்நோய் பெரும்பாலும் தொடங்குகிறது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் இளைஞன் வீட்டில் சோம்பேறிப் பட்டம் வாங்கிவிடுவான். கதிரின்றிக் காந்தப்புலத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. கருவியோ, எலும்பு மஜ்ஜையின் நீர்வீக்கத்தை முன்கூட்டியே காட்டும். 2009இல் சர்வதேச வல்லுநர்கள் வகுத்த வரையறையில் அதற்கு இடம் கிடைத்தது. ஆயினும் பிள்ளைபெற்ற தாயிடமும், ஓட்டவீரரிடமும் அத்தகைய வீக்கம் தெரிவதுண்டு. ஆகவே படத்தைப் பார்க்குமுன் மருத்துவர் அந்த இளைஞனிடம் விடியற்காலையைப் பற்றித்தான் கேட்கிறார்.