ஜான் ஹண்டர்: கத்தியும் கடனும்

மயக்க மருந்து இல்லாத காலத்தில் அறுவை சிகிச்சை என்பது மருத்துவரின் கைவேகத்தையும் நோயாளியின் பொறுமையையும் நம்பியே நடந்தது. அக்காலத்து மருத்துவர்களுள் நான் பெரிதும் வியப்பவர் ஜான் ஹண்டர்.

1728-இல் ஸ்காட்லாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் பத்தாவது பிள்ளையாகப் பிறந்தவர் இவர். பள்ளிப் படிப்பில் நாட்டமில்லை. பல்கலைக்கழகப் பட்டமும் பெறவில்லை. 1748-இல் லண்டன் சென்று, அண்ணன் வில்லியம் நடத்திய உடற்கூற்றியல் பள்ளியில் உதவியாளரானார். இறந்தோர் உடல்களை அறுத்தே மனித உடலைக் கற்றார். 1768-இல் செயிண்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் அறுவை மருத்துவரானார். அம்மைத் தடுப்பூசி தந்த எட்வர்ட் ஜென்னர் இவருடைய மாணவர்.

ஜான் பெர்லி என்ற 37 வயதுக் கப்பல் கயிற்றுத் தொழிலாளியின் கழுத்தில், காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஒரு கட்டி வளர்ந்திருந்தது. அது இன்னொரு தலையளவுக்குப் பெருத்துவிட்டது. 1785 அக்டோபர் 24-ஆம் நாள் ஹண்டர் அதை அகற்றினார். ஈதர் மயக்க மருந்து புழக்கத்திற்கு வர இன்னும் 61 ஆண்டுகள் இருந்தன. 25 நிமிடம் கத்தி ஓடியும் பெர்லி ஒருமுறைகூட அலறவில்லை என்பது குறிப்பேட்டுச் செய்தி. கட்டியின் எடை 144 அவுன்சு, அதாவது சுமார் 4 கிலோகிராம். ஹண்டர் அதையும் தம் அருங்காட்சியகத்தில் சேர்த்துக்கொண்டார்.

இங்குதான் என் வியப்பு தடுமாறுகிறது. ஏழரை அடிக்கும் மேல் வளர்ந்த அயர்லாந்துக்காரர் சார்ல்ஸ் பைர்ன், ஹண்டரின் கத்திக்கு அஞ்சி, தம் உடலைக் கடலில் அடக்கம் செய்யும்படி வேண்டியிருந்தார். 1783-இல் அவர் இறந்ததும் ஹண்டர் பணம் கொடுத்து இரகசியமாக அந்த உடலைப் பெற்றார். எலும்புக்கூடு பல தலைமுறைகள் காட்சிப் பொருளாக நின்றது. 2023-இல் அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தபோதுதான் அது காட்சியிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் ஆய்வுக்கென அங்கேயே வைக்கப்பட்டுள்ளது.

பெர்லி நம்பித் தம் கழுத்தைக் கொடுத்தார். பைர்ன் கொடுக்க மறுத்தார். ஹண்டருக்கோ இரண்டும் ஒன்றுதான்.

1793-இல் மருத்துவமனைக் கூட்டமொன்றில் ஹண்டர் மாண்டார். 1859-இல் அவருடைய உடல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்திற்கு மாற்றப்பட்டு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. பைர்ன் கேட்ட கடல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அறிவைத் தேடும் மாணவர்களாகிய நாம், ஹண்டரின் உழைப்பைப் போற்றுவோம்; பைர்னின் பெயரையும் மறவாதிருப்போம்.